ஐம்பதாயிரத்து நூற்றைம்பது ரூபாய்: ஒரு நங்கநல்லூர் வாடகைக் கணக்கு

கணக்கு ஒரு பழைய டைரித் தாளில், நீல மையில், வரிசை பிசகாமல் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டலில் தப்பு வர வாய்ப்பே இல்லை.

அட்வான்ஸ்: 1,50,000
பெயின்ட்: 18,000
நோட்டீஸ் குறைவு, 15 நாள்: 9,000
பாத்ரூம் பைப்: 11,800
கீசர், குழாய், சுவிட்ச்: 4,350
வாடகை உயர்வு பாக்கி, 7 மாதம்: 7,000
ஆகப் பிடித்தம்: 50,150
தர வேண்டியது: 99,850

தாளை வாங்கிப் பார்த்த வாடகைதாரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார், இதில் எது அக்ரிமென்டில் இருக்கிறது?" பதில் வரவில்லை. இரண்டு பேருமே அந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு எடுத்துப் படித்ததில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒரே வீட்டின் கதை அல்ல. நான் கேட்டவை, நடுவில் உட்கார்ந்து பேசியவை எனப் பல தகராறுகளை ஒரு வீட்டுக்குள் குடியேற்றியிருக்கிறேன். ஊர், தேதி, தொகை எல்லாம் அதற்கேற்ப அமைத்தவை. சட்டம் பற்றிய பகுதிகள் மட்டும் தமிழ்நாட்டில் வாடகைக்கு இருக்கும் எவருக்கும் பொருந்துபவை.

வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. கீழே உரிமையாளரும் மனைவியும், மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட போர்ஷன். 2022 ஜூன் 1 அன்று கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள் என மூவர் குடிவந்தார்கள். வாடகை 18,000. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது பழகிப்போன ஒன்று என்பதால், எட்டு மாதத்துக்குச் சற்று மேலே முடித்ததை வாடகைதாரர் தன் பேரத் திறமை என்றே நினைத்திருந்தார். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தர் இருபது நிமிடத்தில் அடித்துக் கொடுத்தார்.

அந்தத் தாளை நான் முழுதாகப் படித்தேன். "ஷெ வீட்டை" (ஷெ என்றாலும் மேற்படிதான்), "மேற்படி பார்ட்டி", "ஒப்படைக்கக் கடவர்" என்று நம் பத்திர நடையின் எல்லா அலங்காரங்களும் இருந்தன. ஏழாவது ஷரத்து இப்படி: "வாடகைதாரர் ஷெ கடையில் சட்டவிரோதமான சரக்குகளை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது." கடையா? ஏதோ ஒரு மளிகைக் கடைக்கு அடித்த ஒப்பந்தம் பத்திர எழுத்தரின் கணினியில் இருந்திருக்கிறது. பெயரையும் தொகையையும் மாற்றியவர் இந்த வரியை மாற்ற மறந்துவிட்டார். இரண்டரை ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. இந்த வகை ஒப்பந்தங்கள் வீட்டைப் பற்றி யோசித்து எழுதப்படுபவை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஏன் பதினோரு மாதம்?

கேட்டால் "அதுதான் வழக்கம்" என்பார்கள். வழக்கத்துக்குப் பின்னால் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு என்றால் கட்டணம், அலைச்சல். ஒரு மாதத்தைக் கழித்துவிட்டால் இரண்டும் மிச்சம். இந்தச் சின்னத் தந்திரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிட்டோம்.

ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் வேறொரு சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதற்காக 2017-இல் இயற்றப்பட்டது அது. பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம் என்பதால் இங்கே புதிய வாடகைச் சட்டம் என்றே சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதோடு விடைபெற்றது. புதிய சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வாடகைக்கு விடுவது எழுத்து மூலமான ஒப்பந்தத்தால் மட்டுமே என்கிறது. எழுதினால் மட்டும் போதாது. உரிமையாளரோ வாடகைதாரரோ அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். இதற்கென்று அரசின் இணையதளமே இருக்கிறது.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பதினோரு மாதம் என்று எழுதினால் சார்பதிவாளரிடம் போக வேண்டியதில்லை, உண்மைதான். வாடகை அதிகாரியிடம் பதியும் கடமையிலிருந்து அது விலக்குத் தராது. அங்கே பதினோரு மாதமும் ஒன்றுதான், மூன்று ஆண்டும் ஒன்றுதான். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று 4ஏ பிரிவு சொல்கிறது. பூட்டைத் தவிர்க்க ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தவர்கள், உள்ளே இன்னொரு கதவு பூட்டியிருப்பதைப் பார்க்கவில்லை.

நங்கநல்லூர் ஒப்பந்தம் அப்படிப் பதியப்படவில்லை. 2023 ஏப்ரல் 30 அன்று காலாவதியும் ஆனது. புதுப்பிக்க வேண்டுமா என்று வாடகைதாரர் கேட்டிருக்கிறார். "தாள் எதற்கு தம்பி? உங்களை நாங்கள் வாடகைக்காரராகவா பார்க்கிறோம்?" என்று பதில். அன்பாகத்தான் சொல்லியிருப்பார். அதன் பிறகு இருபது மாதங்கள் அந்தக் குடும்பம் வாய்வார்த்தையின் மேல் குடியிருந்தது. காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் தொடர்ந்தால், அதிகபட்சம் ஆறு மாதங்களுக்குத்தான் மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாக அதைப் புதிய சட்டம் கருதுகிறது. இவர்கள் அந்த ஆறு மாதத்தையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

பெயின்ட்

பிடித்தங்களில் பெரியது இதுதான். வீட்டைக் காலி செய்தால் ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிப்பது சென்னையில் ஏறத்தாழ ஒரு சடங்கு. நங்கநல்லூர் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லை. "தற்போது உள்ள நல்ல நிலையிலேயே" திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்ற வரி மட்டும் இருந்தது. உரிமையாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சுவரில் பென்சில் கிறுக்கல் இருந்ததும் உண்மை. குழந்தை இருக்கும் வீடு.

தற்போது உள்ள நிலை எது? 2022 ஜூன் 1 அன்று சுவர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று இரண்டு பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பகுதியில் வருகின்றன. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் இடம் உண்டு. எழுதாதபோது அட்டவணைதான் பேசும். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. கிறுக்கல் இயல்பான தேய்மானமா என்று வாதிடலாம். ஒரு சுவரின் கிறுக்கலுக்காக ஆறு சுவர்களின் பெயின்டைக் கேட்பது நியாயமா என்றும் வாதிடலாம். ஆனால் பூசிய வேலைக்கு ரசீது எங்கே என்று கேட்டபோது, வீடு இன்னும் பூசப்படவே இல்லை என்பது தெரிந்தது. புதிய வாடகைதாரர் அப்படியே குடிவந்துவிட்டார். 18,000 என்பது வண்ணத்தின் விலை அல்ல, வழக்கத்தின் விலை.

பைப்பும் கீசரும்

இவை இரண்டும் அட்டவணையைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியவை. சுவருக்குள் பதித்த குழாய் கசிந்து கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் தட்டியது. தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் பெரிய மின்கம்பி வேலைகளும் உரிமையாளர் பொறுப்பு. வாடகைதாரர் அறைந்து உடைத்தார் என்று நிறுவினால் கதை வேறு. இங்கே அப்படி யாரும் சொல்லவில்லை. 11,800 அவர் கணக்கில் வரவே கூடாது.

கீசர், குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை வாடகைதாரர் பகுதியில் இருக்கின்றன. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். கீசர் வீட்டுக்காரருடையதுதானே, அவர் சரி செய்யட்டுமே என்று நினைப்போம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. நங்கநல்லூர் வாடகைதாரர் இதில் முறைத்துப் பார்த்தார். குடிவரும்போதே கீசர் கிழடு என்றார். கிழடாக இருந்திருக்கலாம். வந்த அன்றே அதை ஓடவிட்டு, தயாரிப்பு ஆண்டு எழுதிய ஒட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் இன்று அந்த வாதத்துக்குக் கால் இருந்திருக்கும். 4,350 அவர் தலையில் விழுவது சரி என்றே நான் சொன்னேன். அன்று அவருக்கு என்மேல் பிரியம் குறைந்தது.

செத்த தாளும் இரண்டு உறவினர்களும்

மீதி இருந்தவை நோட்டீஸ் குறைவு 9,000, வாடகை உயர்வு 7,000. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆய்வுக்கு உரிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

ஒப்பந்தத்தின்படி இரு தரப்பும் இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். வாடகைதாரர் 2024 நவம்பர் 16 அன்று வாட்ஸ்அப்பில் சொல்லி, டிசம்பர் 31 அன்று சாவியைக் கொடுத்தார். நாற்பத்தைந்து நாள். பதினைந்து நாள் குறைகிறது, அரை மாத வாடகை 9,000 என்பது உரிமையாளர் கணக்கு. வாடகைதாரரோ, அந்தத் தாள் 2023 ஏப்ரலிலேயே செத்துவிட்டது என்றார். மாதாந்தர வாடகைக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கேட்பது பதினைந்து நாள் அறிவிப்பு மட்டுமே. நான் மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன் என்றார். எங்கேயோ நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்.

சரி, வாடகை உயர்வு? 2024 ஜூனில் உரிமையாளர் மாடிப்படியில் நின்றபடி, "இந்த மாதத்திலிருந்து ஆயிரம் சேர்த்துக் கொடுங்கள் தம்பி" என்றிருக்கிறார். "பார்க்கலாம் சார்" என்பது பதில். நம் ஊரில் "பார்க்கலாம்" என்பதற்குக் கேட்பவர் ஒரு பொருளும் சொல்பவர் வேறு பொருளும் கொள்வார்கள். ஏழு மாதமும் 18,000 மட்டுமே கணக்கில் விழுந்தது. உரிமையாளரும் வாய் திறக்கவில்லை. இப்போது கேட்டால் வாடகைதாரர் அதே ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டுகிறார்: "இதில் 18,000 என்றுதானே இருக்கிறது?"

நோட்டீசுக்கு அந்தத் தாள் செத்துவிட்டது. வாடகைக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. உரிமையாளர் தரப்பிலோ நேர்மாறு: நோட்டீசுக்கு உயிர், வாடகைக்குச் சாவு. சொத்து இருக்கும் வரை உறவு, கடன் வந்தால் யாரோ என்று இருக்கும் இரண்டு உறவினர்கள் ஒரே பிரேதத்தின் இரு பக்கமும் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

புதிய சட்டப்படி வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடி நடக்க வேண்டும். எழுதாவிட்டால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மாடிப்படிப் பேச்சு அறிவிப்பு ஆகாது. இன்னொரு சாட்சியும் கிடைத்தது, உரிமையாளரின் டைரித் தாளிலேயே. வாடகை 19,000 ஆகிவிட்டது என்றால் அரை மாதம் 9,500 அல்லவா? பெயின்டுக்கான "ஒரு மாத வாடகை" 19,000 அல்லவா? அவரே இரண்டு இடத்திலும் 18,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். இதை நான் விரலால் தொட்டுக் காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். 7,000 அத்தோடு உதிர்ந்தது.

நோட்டீஸ் விஷயத்தில் சட்டம் வாடகைதாரர் பக்கம் சாய்வதாகவே எனக்குப் பட்டது. ஆனால் அந்த இருபது மாதத்தில் ஒருநாள், வீட்டை விற்கப்போவதாகப் பேச்சு வந்தபோது, "இரண்டு மாதம் டைம் தர வேண்டும் சார், அக்ரிமென்டில் இருக்கிறது" என்று சொன்னவரும் இவர்தான். அதை அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு 9,000-க்காக அவர் குரல் உயரவில்லை.

அட்வான்சின் அச்சம்

எட்டு மாத அட்வான்ஸ் சட்டப்படி செல்லுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 11-ஆம் பிரிவு சொல்வதாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பிரிவின் தொடக்கத்தைப் பலரும் படிப்பதில்லை: மாறான ஒப்பந்தம் இருந்தால் தவிர என்றுதான் அது ஆரம்பிக்கிறது. பத்து மாதம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டால் அதுதான் மாறான ஒப்பந்தம். வேலி போட்டு, நடுவில் கதவும் வைத்து, சாவியையும் கதவிலேயே மாட்டிவிட்டுப் போன சட்டம். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. அது வெறும் மாதிரி. ஒரு மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

உரிமையாளர்கள் இவ்வளவு கேட்பது பேராசையால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில் ஒருவரைக் காலி செய்ய வைக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியவர்களின் பிள்ளைகள் இவர்கள். வாடகை தராமல் அட்வான்சில் கழித்துக்கொள்ளச் சொல்லி உட்கார்ந்துவிடுபவர்களும் இருக்கவே செய்கிறார்கள். நங்கநல்லூர் வாடகைதாரரும் நவம்பரில் அதைத்தான் முதலில் சொல்லிப் பார்த்தார். உரிமையாளர் மறுத்த பிறகு இரு மாத வாடகையையும் ஒழுங்காகக் கட்டினார்.

அந்த மறுப்புக்குப் பிறகு டிசம்பரில் இரண்டு நாள் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் சுவிட்ச் கீழே. உரிமையாளரின் மனைவி மறந்துவிட்டதாகச் சொன்னார். மறந்திருக்கலாம், ஆனால் தகராறின்போது வரும் மறதியைச் சட்டமும் பார்த்திருக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு; நியாயம் இருப்பவரும் குழாயை மூடக் கூடாது.

அட்வான்சைத் திருப்புவதற்கும் கெடு உண்டு. காலி செய்து ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும். சாவி வாங்கிய அன்று 60,000-க்குக் காசோலை வந்தது. 39,850 வந்தபோது மார்ச் பாதி கடந்திருந்தது. புதிய வாடகைதாரரின் அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் பழையவருக்குத் தருவது என்பது ஊர் வழக்கம். உரிமையாளர் அந்தப் பணத்தைச் சேமிப்பாக வைத்திருப்பதில்லை; மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ எப்போதோ செலவழித்திருப்பார். தென் மாவட்டங்களில் ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல், விடுபவர்களாவது இது வட்டியில்லாத கடன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

முடிந்த விதம்

வழக்குப் போடலாமா என்று வாடகைதாரர் ஒரு வழக்கறிஞரைக் கேட்டார். பதியாத, காலாவதியான தாள் என்றதும் அவர் உற்சாகம் காட்டவில்லை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகச் சொல்லி வீட்டைத் திரும்பக் கேட்க, உரிமையாளருக்கு 21-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அட்வான்ஸ் கேட்டு நிற்கும் வாடகைதாரருக்கு அதே குறை கைவிலங்காகிறது. "தாள் எதற்கு தம்பி" என்பது இருவருக்கும் ஒரே விலையில் முடிவதில்லை.

ஆகவே பேச்சுதான். என் கணக்குப்படி பெயின்ட் 18,000, பைப் 11,800, உயர்வு 7,000 ஆக 36,800 வாடகைதாரருக்குத் திரும்ப வேண்டும், கீசர் தொகை உரிமையாளருக்கு, நோட்டீசைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். அப்படி நடக்கவில்லை. பைப் பணத்தையும் உயர்வுப் பணத்தையும் உரிமையாளர் முழுதாகத் தந்தார். பெயின்டில் பாதி தந்தார், சுவர்க் கிறுக்கலைக் கடைசி வரை விடவில்லை. நோட்டீஸ் தொகையை வாடகைதாரர் தானாகவே விட்டுவிட்டார். 27,800 ரூபாய், காப்பி ஆறுவதற்குள்.

மேடவாக்கத்தில் புது வீடு பார்த்தபோது அந்த வாடகைதாரர் சாவி வாங்கிய கையோடு அறை அறையாக வீடியோ எடுத்தார். குழாய்களைத் திறந்து மூடினார், கீசரைப் பத்து நிமிடம் ஓடவிட்டார், மின்மீட்டர் எண்ணைப் படம் எடுத்தார், எல்லாவற்றையும் அன்று மாலையே வீட்டுக்காரருக்கு அனுப்பினார். "என்ன தம்பி, எங்கள்மேல் சந்தேகமா?" என்றாராம் அவர். "இல்லை சார், என் ஞாபகத்தின்மேல்தான்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். யார் எதைப் பழுது பார்ப்பது, பெயின்டுக்கு எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்வு, அட்வான்ஸ் எந்தத் தேதிக்குள் என்று நான்கு ஷரத்துகளைச் சேர்க்கச் சொன்னார். மூன்று சேர்ந்தன. தேதி மட்டும் சேரவில்லை. வாடகை அதிகாரியிடம் பதிவதை அவரே இணையத்தில் செய்தார்.

நங்கநல்லூர் மாடியில் புதிதாக வந்தவர்களுக்கும் ஒப்பந்தம் தயாராகிவிட்டது. உரிமையாளர் இம்முறை உஷாராக ஒரு ஷரத்து சேர்த்திருந்தார்: காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டுக்குப் பிடிக்கப்படும். எனக்குப் பெருமையாகக் காட்டினார். காலம் பதினோரு மாதம். ஏழாவது ஷரத்தைத் தேடிப் பார்த்தேன். ஷெ கடையில் சட்டவிரோதமான சரக்குகளை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது.